துரைசாமி தேர்ந்தெடுத்த பிளேட்

சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் தன் ஹார்ட்வேர் கடையில், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே துரைசாமி மூன்று பிளேட்டுகளை எடுத்து வைத்தார். மரத்துக்கு விளிம்பு செதுக்கும் ரூட்டர் மிஷினை, நானே செய்யும் மேசைக்கு அடியில் மாட்ட அதில் ஒன்று வேண்டும்.

“அலுமினியம் எடுங்க தம்பி. கூட இந்த ரப்பரையும் வச்சா சத்தம் குறையும்.”

“சத்தம் கூடணும்ண்ணே. நான் நைட் ஷிஃப்ட். கீழ்வீட்டு ஆளு ஞாயித்துக்கிழமை பகல்ல தூங்க விடமாட்டேங்கிறான்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப இந்த மெல்லிசான இரும்பு பிளேட்டு. நல்லா அதிரும். ரப்பர் வேணாம். மேசைக் காலை வெறுந்தரையில நிப்பாட்டுங்க. கீழ இருக்கிறவனுக்குப் பல்லு ஆடணும்.”

பணம் கொடுத்தேன். மேசைப் பலகையோடு சேர்த்து டெலிவரி செய்ய முகவரி கேட்டார். புக்கிட் பாஞ்சாங்கில் என் பிளாக் நம்பரைச் சொன்னேன். எட்டாவது மாடி, கதவு எண் நூற்றுப் பன்னிரண்டு என்றதும் அவர் பேனா நின்றது.

“அதுக்கு நேர் கீழ என் வீடு லா.”

“தெரியும்ண்ணே. உங்க கராவோக்கே பாட்டு எங்க வீட்டுல நல்லாவே கேக்குது.”

அவர் ரப்பரை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

“இது ஃப்ரீ, தம்பி.”

“நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க.”