பெட்டியைத் தொடாதவன்

சிலிபின் வட்டாரத்தில் கலாதேவியின் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு வாசல் போர்ச்தான் கண்ணில் படும்.

அங்கே புனிதா குத்தவைத்து உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டிகளை சாண்ட்பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி அவள் புருஷன் யுகேந்திரன் பாலில்லாத தே ஓ டீ குடித்துக்கொண்டிருந்தான்.

கலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாமான் குடியிருப்பின் கோயில் பஜனை ஸ்பீக்கர்கள் கெட்டுப் போனபோது, புதிதாகச் செய்து தருகிறோம் என்று அந்த வீட்டார்தான் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். யுகேந்திரன் ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் ஸ்பிரே போடுகிறவன். மரத்தை மினுமினுக்க வைப்பதுதான் அவன் பிழைப்பே. ஆனால் ரப்பர் மரப் பலகையை அறுத்தது புனிதா. பசை தடவி ஒட்டியது புனிதா. இப்போது வேலைவிட்டு வந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் தேய்ப்பதும் அவள்தான்.

கலாதேவி ஒருநாள் அவனிடம் கேட்டே விட்டாள். அவளே செய்யட்டும் அக்கா என்று சொல்லிவிட்டு அவன் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டான். புனிதா நிமிராமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேறு கலாதேவிக்கு எரிச்சலைக் கூட்டியது.

ஒரு சாயங்காலம் வார்னிஷ் பூசிக் காயவைத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காற்று சுழற்றியடித்து, சாரல் போர்ச்சுக்குள்ளேயே வந்தது. கலாதேவி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அடிப்பலகையைப் பிடித்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனார்கள்.

யுகேந்திரன் எழுந்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே வைத்துப் பார்த்தால், வார்னிஷ் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப் போயிருந்தது. புனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கலாதேவியைப் பார்த்தாள்.

“பரவால்லக்கா. நல்லா காயட்டும். சுரண்டிட்டு மறுபடி பூசுறேன்.”

கலாதேவி வாசலுக்கு வந்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். மறுநாளே அந்த லோரோங் சந்து முழுக்க விஷயம் பரவிவிட்டது. பரப்பியது கலாதேவிதான்.

புனிதா சுரண்டினாள். தேய்த்தாள். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் லேசாக ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. மர ரேகைகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன. கடைசியில், பொட்டைச் சரிசெய்யும் அளவுக்குப் பெட்டியில் முகம் தெரிந்தது. தன் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் கலாதேவிக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பஜனையில் புது ஸ்பீக்கர்கள் பாடின. தாளத்தின் சன்ன ஒலிகூடப் பின்வரிசை வரைக்கும் துல்லியமாகக் கேட்டது. பூஜை முடிந்ததும் கோயில் தலைவர் பழனியப்பன் மைக்கைப் பிடித்தார். ஃபேக்டரி அனுபவம் பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது என்று புகழ்ந்து, பொன்னாடை வாங்கிக்கொள்ள வரும்படி யுகேந்திரனை அழைத்தார்.

அவன் எழவில்லை.

“நான் தொடவே இல்ல தலைவரே. எல்லாம் என் வைஃப் செஞ்சது.”

பழனியப்பன் சிரித்தார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார். வேண்டுமானால் தம்பதியாகவே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். விஷயம் தெரியாத மற்ற சந்துக்காரர்களும் சிரித்தார்கள். புனிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்பலேன்னா கலாதேவி அக்காவைக் கேளுங்க” என்றான் யுகேந்திரன்.

இதற்காகவே காத்திருந்தவள்போல் கலாதேவி எழுந்தாள்.

“ஒரு ஆணிகூட இவன் அடிக்கல. என் கண்ணால பார்த்தேன். மழையில பெட்டி நனையிறப்பகூட நாற்காலியை விட்டு வரல. ராத்திரி பகலா பாடுபட்டது அந்தப் பொண்ணுதான்லா.”

மண்டபத்தில் சிரிப்பு நின்றது. பழனியப்பன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, புனிதாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். பொன்னாடையைத் தோளில் போட்டதும் பெண்கள் பக்கத்தில் ஆரம்பித்த கைதட்டல் மண்டபம் பூராவும் பரவியது. நகக்கண்ணில் வார்னிஷ் கறையோடு கைகூப்பிய புனிதா, நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

அத்தனை பேரிலும் பலமாகத் தட்டியது யுகேந்திரன்தான்.

வெளியே செருப்பு மாட்டும்போது அவன் கலாதேவியிடம் வந்தான்.

“ரொம்ப நன்றிக்கா. இப்படி ஒரு சாட்சி வேணும்னுதான் தினம் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். மழையன்னிக்கு கை பரபரத்துச்சு. தொட்டிருந்தா, எல்லாம் நான் செஞ்சதா ஆயிருக்கும்.”

கலாதேவிக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள்.

“நீ வாயைத் திறந்து சொன்னா போதாதா தம்பி? பொண்டாட்டி செஞ்சதை புருஷன் செஞ்சான்னு யாருலா சொல்லப்போறா?”

யுகேந்திரன் சிரித்தான்.

“போன தீபாவளிக்கு எங்க வீட்டு டிவி மேசையைத் தடவிப் பார்த்துட்டு, ‘தங்கமான கை தம்பி உனக்கு’ன்னு சொன்னீங்களேக்கா. அதைச் செஞ்சதும் அவதான்.”