தொட்டி பார்க்க வந்தவர்

"மிசி, அந்த மனுசி திரும்பவும் வந்து நிக்குது. இண்டைக்கு நான் நல்ல கிழி கிழிச்சுத்தான் அனுப்பப்போறன்."

சொல்லிவிட்டு நேர்ஸ் உதயகலா கதவடியிலேயே நின்றாள். யாரென்று துஷாந்தினி கேட்கவில்லை. மூன்று கிழமையாகச் செவ்வாய் தவறாமல் வருகிறவர். பெயர் மரியநாயகி, குருநகர். அறுபது தாண்டியிருக்கும். வந்து தொட்டி இருக்கும் அறையை எட்டிப் பார்ப்பார். வெளியே வாங்கில் காத்திருக்கும் கர்ப்பிணிகளிடம், "உதுக்குள்ளை இருந்தோ பெறப்போறியள்? பிள்ளைக்கு மூச்சு முட்டாதோ?" என்று கேட்பார். பிறகு எழுந்து போய்விடுவார்.

லண்டனில் பன்னிரண்டு வருடம் மருத்துவமாதாக இருந்த துஷாந்தினி, சாவகச்சேரிக்குத் திரும்பி இந்த மகப்பேற்று நிலையத்தைத் தொடங்கி ஏழு மாதம். இளஞ்சூட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தும் பிள்ளை பெறலாம் என்று பலகை போட்டபோது ஊர் சிரித்தது. நாலு பேர் பெற்று, தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்குப் போனதும் சிரிப்பு அடங்கியது. ஆனால் போன கிழமை இரண்டு பேர், "எங்களுக்குத் தொட்டி வேண்டாம் மிசி" என்று சொல்லிவிட்டார்கள்.

"எல்லாம் உந்த மனுசியின்ரை கதையாலைதான். ஆரோ ஏவிவிட்டிருக்கினம்."

"உள்ளை வரச் சொல்லுங்கோ உதயகலா. நான் கதைக்கிறன்."

மரியநாயகி தொட்டி அறைக்குள் வந்தார். நாற்காலியைக் காட்டியும் அமரவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வலி தொடங்கிய ஒருத்தி பின்னேரம் வர இருந்தாள்.

"தொட்டுப் பாக்கட்டோ பிள்ளை?"

"ஓம், பாருங்கோ."

கையைத் தண்ணீருக்குள் விட்டவர் எடுக்கவில்லை.

"முந்தி எங்கடை பக்கம் பிள்ளைப்பெறு எண்டா முத்தத்து அடுப்பிலை பெரிய கிடாரம் ஏறும். வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு, பெத்தவள் முழுகத் தண்ணி கொதிக்கிற மணம் ஒழுங்கை முழுக்கப் பரவும். கடலாலை வாற ஆம்பிளையள் அந்த மணத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்து, 'ஆணோ பெண்ணோ?' எண்டு வாசல்லை நிண்டு கேட்டிட்டுத்தான் தங்கடை வீட்டுக்குப் போவினம். அண்ணை கலியாணம் கட்டின வருசம், எங்கடை வீட்டிலையும் கிடாரம் ஏறப்போகுது எண்டு நான் நொச்சித் தடி வெட்டிவந்து வேலியோரம் நட்டனான்."

அந்த மணம் துஷாந்தினிக்கும் தெரியும். தம்பி பிறந்த வீட்டில், அம்மாவின் ஈரத் தலைமயிரில் அது நாள்கணக்காக இருந்தது. லண்டன் ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, ஏதோ ஒன்று குறைகிறதே என்று அவள் நினைத்ததெல்லாம் அதைத்தான். கண்டிக்கவென்று எடுத்துவைத்திருந்த சொற்கள் எங்கேயோ போய்விட்டன.

"ஒண்டு கேக்கவேணும் பிள்ளை. மூண்டு கிழமையா வாறன், கேக்கத் துணிவு வரேல்லை. தண்ணிக்குள்ளை பிறந்தா பிள்ளை செத்துப்போமோ?"

வழக்கமாகச் சொல்லும் பதில் துஷாந்தினியின் வாய்வரை வந்தது. அந்தக் கையைப் பார்த்தாள். அது இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"எங்கையம்மா பிறந்தது?"

"கிளாலிக் கடல்லை. தொண்ணூற்றைஞ்சிலை, சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நேரம். ரெண்டு நாளாப் பிள்ளைப்பெறு நோ. கரையிலை படகு வருமட்டும் காவல். ஒருமாதிரி ஏறினா, படகுக்குள்ளையும் முழங்கால் அளவுக்குத் தண்ணி. அதுக்குள்ளை குந்தியிருந்துதான்… ஆம்பிளைப் பிள்ளை. அழவே இல்லை."

"படகு ஏறமுந்தி வயித்துக்குள்ளை பிள்ளை ஆடினதோ?"

"முதல்நாள் விடியவே ஆட்டம் நிண்டுபோச்சுது. சொல்லியும் ஒருத்தரும் காதிலை விழுத்தேல்லை."

"பிறக்கேக்கை தோல் எப்பிடி இருந்தது?"

"அங்கங்கை உரிஞ்சுபோய். உப்புத்தண்ணி பட்டதாலை எண்டு சொன்னது…"

துஷாந்தினி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"அம்மா, வடிவாக் கேளுங்கோ. அந்தப் பிள்ளை தண்ணியாலை சாகேல்லை. படகு ஏறமுந்தியே வயித்துக்குள்ளை உயிர் போயிட்டுது. தோல் உரிஞ்சது அதாலைதான். தாய் எங்கை இருந்து பெத்திருந்தாலும் உதுதான் நடந்திருக்கும்."

"உண்மையாவோ? என்ரை மனம் ஆறுறதுக்காகச் சொல்லேல்லையே?"

"இல்லையம்மா. உப்பிடிப் பிள்ளையளை இந்தக் கையாலை ஏந்தியிருக்கிறன். எனக்குத் தெரியும்."

மரியநாயகி அப்போதுதான் நாற்காலியில் அமர்ந்தார். கதவடியில் உதயகலா மூக்கை உறிஞ்சினாள். திட்ட வந்தவள் அவள்.

துஷாந்தினி குனிந்து அந்த ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பது வருசமா உதை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள். இனிக் காணும் அம்மா, இறக்கி வையுங்கோ. உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

மரியநாயகி கைகளை இழுத்துக்கொண்டார்.

"பிழை முழுக்க என்னிலைதான் பிள்ளை. பெத்தது நானில்லை, என்ரை மச்சாள். 'தண்ணிக்குள்ளை குந்தியிருந்து பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டாள்' எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவள் நான். அதைக் கேட்டுத்தான் அண்ணை அவளை விட்டிட்டுப் போனவர்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குச் சொன்னதை ஒருக்கா வெளியிலை வந்து அவளுக்கும் சொல்லுவியளோ? ஒவ்வொரு கிழமையும் அவளை ஓட்டோவிலை கூட்டிக்கொண்டுதான் வாறன். பிள்ளை பெற வந்திருக்கிற பெட்டையளிலை தன்ரை கண் படக்கூடாது எண்டு இறங்கமாட்டன் எண்டுறாள்."