அட்டையில் இல்லாத வேம்பு

நிலத்தடி நீரைக் குடிக்கும் உயிர் எதுவானாலும் குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த கோடையில், சாயல்குடி மரியசெல்வி வீட்டு வேம்பு மாட்டிக்கொண்டது. தெருவே காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சைப்பசேலென்று நின்றதே காரணம்.

“வேர் நாற்பதடிக்குக் கீழ தண்ணியை உறிஞ்சுதும்மா. அட்டையில சேர்க்கணும், இல்லேன்னா வெட்டணும்,” என்றார் வந்த அதிகாரி.

“சேத்துருங்க சார்.”

“பேரு?”

“ரோஸ்லின்.”

“வயசு?”

“பன்னெண்டு. எங்க கல்யாணத்தன்னைக்கு நட்டது.”

“அப்பா பேரு?”

மரியசெல்வி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பிள்ளையில்லாத வீடு அது. கட்டிலில் படுத்திருந்தவன் அவசரமாக எழுந்து சட்டையை மாட்டினான்.

“சந்தியாகு,” என்றான். “பள்ளிக்கூடத்துல மட்டும் சேர்க்கச் சொல்லிடாதீங்க சார். அவ எங்கள விட்டுட்டு இருக்க மாட்டா.”