சுறா வறை

"பொழுது சாயுது புள்ள, இப்பவே தின்னு. நேரம் பிந்தினா பால் ஊறாது." பூரணிப்பிள்ளை சுறாவை உதிர்த்துத் தேங்காய்ப்பூ போட்டு வறுத்த வறையைச் சோற்றில் அள்ளி வைத்தாள்.

"போதும் மாமி."

"என்ன போதும்? முட்டையையும் தின்னு. சண்டைக் காலத்துல எவளுக்கு இது கிடைக்கும்? ஈர்க்கில் மாதிரி இருந்தாய், இப்பதான் சதை பிடிச்சிருக்கு."

வள்ளியம்மை முட்டையையும் எடுத்துச் சோற்றோடு பிசைந்தாள். மிச்சமில்லாமல் தின்று முடித்தாள்.

பிரசவத்தில் செத்துப்போன தன் மகளின் பிள்ளையைப் பூரணிப்பிள்ளை தூக்கிவந்து பால் கொடுக்க அமர்த்தியிருந்த வள்ளியம்மையின் மடியில் கிடத்தினாள். அது மடமடவென்று குடித்தது.

"மாமி, மற்றப் பக்கத்தை வீட்டில கிடக்கிற என்ட புள்ளைக்குக் குடுத்திட்டு ஓடி வரட்டா? காலையில இருந்து கஞ்சித்தண்ணிதான் குடிக்கான்."

"நல்ல கதை! அவனுக்கு ஊறட்டும் எண்டா நான் சுறா ஆக்குறன்? மற்றப் பக்கமும் இவனுக்கே குடு."