தோஷமில்லாத மனம்

அடுப்பில் வைத்த பாலை மறப்பேன், காரணமில்லாமல் அழுவேன். இதற்கு ஒரு பெயர் இருந்தால் நான் சோம்பேறி இல்லை என்றாவது ஆகுமே என்று ஏங்கியிருந்தேன். ஜாதகத்தோடு மூளை ஸ்கேனும் பார்த்துத்தான் இப்போது சம்பந்தம் பேசுகிறார்கள். என் ஸ்கேனில் ஒரு குறையும் இல்லையாம்.

பெண் பார்க்க வந்த அன்று அடுக்களையில் அம்மாவிடம் கேட்டேன். "நிஜமாவே ஒண்ணும் வரலையாம்மா?"

"என்னமோ வந்துச்சு. உங்கக்கா ஜாதகத்துல செவ்வாய மாத்தின அதே தரகர்தான் இதையும் மாத்திக் கொடுத்தார். பழச அழிச்சாச்சு. பஜ்ஜிய எடுத்துட்டுப் போடி."

பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "எங்க பிரணவோட ஸ்கேனும் சுத்தம்" என்று பீற்றிக்கொண்டிருந்தாள். அவன் நகத்தோரத் தோலை ரத்தம் வரக் கடித்துக்கொண்டிருந்தான். தட்டை நீட்டியபோது மெதுவாகக் கேட்டான்:

"உங்க ஸ்கேன உங்ககிட்டயாவது காட்டினாங்களா?"