அரளி காட்டு

பழந்துணியால் நாயின் வாயைத் துடைத்துவிட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இராமலிங்கம் தெருவைக் கடந்தார். எதிர் பங்களா கேட்டுக்குள் அதை இறக்கிவிட்டபோது ஜன்னல் திரை அசைந்தது. ஒரே ஓட்டமாக வந்து வீட்டுக் கதவைச் சாத்தினார்.

நாய் ஜப்பான் ஆபீசருடையது. வெள்ளைக்காரன் ஓடி, ஜப்பான்காரர்கள் பிரிக்பீல்ட்ஸைப் பிடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் பேசுவதில் ஒரு சொல்லும் புரியாது. புரியாமல் விழித்தால் கன்னத்தில் அறை விழும் என்பது மட்டும் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் புரிந்திருந்தது. அந்த நாய்தான் அவர் மனைவி இராஜம்மா பூஜைக்கு வளர்த்த அரளியைக் கடித்து, வாசலிலேயே வாந்தி எடுத்திருந்தது.

"அது செத்துச்சுன்னா நம்ம தலையும் போயிரும்," என்றார் மனைவியிடம்.

அரை மணி நேரத்தில் ஆபீசரே வாசலில் வந்து நின்றார். இடுப்பில் வாள், காலடியில் வாலாட்டும் நாய். இராமலிங்கம் வணங்கிக் குனிவதற்குள் அவர் முந்திக்கொண்டு குனிந்தார். கடகடவென்று ஏதோ பேசி, கடைசியில் மட்டும் சுத்தமான தமிழில் சொன்னார்:

"அரளி காட்டு."

செடியின் பேர்வரை விசாரித்துக்கொண்டல்லவா மனுஷன் வந்திருக்கிறான்! இனி மறைத்து என்ன பயன்? இராமலிங்கம் சிவப்பு அரளியைக் காட்டி, ஒரு கொப்பை ஒடித்துச் சாட்சிப் பொருளாக நீட்டினார். ஆபீசர் முகம் மலர்ந்து, மறுபடியும் குனிந்தார்.

"அரளி காட்டு."

வெள்ளை அரளியை ஒடித்துக் கொடுத்தார். அதற்கும் அதே உத்தரவு. கொல்லைக்கு ஓடி மஞ்சள் அரளியையும் கொண்டுவந்தார். இனிக் காட்ட எதுவும் இல்லை என்று கையை விரித்தபோது, ஆபீசர் அந்தக் கையில் ஒரு சீனிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுத் தங்கமணி வேலியோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போன வாரம் தொடங்கிய ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய்வருபவன் அவன்.

"அண்ணே, அது அரளி காட்டு இல்லலா, அரிகாத்தோ. நன்றின்னு அர்த்தம். நாயைக் கொண்டாந்து விட்டதுக்குச் சொன்னாரு."

இராமலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பியது. ஒரு சிட்டிகை சீனியை வாயில் போட்டுக்கொண்டு அவரும் சிரித்தார்.

இராஜம்மா சிரிக்கவில்லை. எதிரே ஆபீசர் அந்தக் கொப்புகளை நாய்க் கூண்டைச் சுற்றி ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார். நாயும் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தது.

"தங்கமணி, விஷத்துக்கு அவங்க பாஷையில என்ன?"