கேப்டன் சொன்னது

விமானி அறையோடு பேசும் ஃபோனின் ரிசீவரைக் காதில் வைத்தபடியே அக்கா சிரித்தாள். "சரி சார், சொல்லிடறேன்" என்று தலையாட்டினாள்.

விமானத்துக்குள் வேறு யாரும் சிரிக்கவில்லை. சற்று முன்புதான் தலைக்கு மேலிருந்த விளக்குகள் இரண்டு முறை இமைத்து அணைந்திருந்தன. ஜன்னல்களுக்கு வெளியே பகலை மூடிக்கொண்டு மழைமேகம். தரையோர அவசர விளக்கின் மங்கலில் முகங்கள் பாதிதான் தெரிந்தன.

பின்வரிசைகளில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த குட்டி, இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து சேர்ந்தாள். பணிப்பெண்களில் இளையவள் என்பதால் எல்லோருக்கும் அவள் குட்டி. மூத்தவள் எல்லோருக்கும் அக்கா.

"அக்கா, பின்னாடி எழுந்திரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு பேட்டரி பொம்மை கத்தினதுக்கே அழறாங்க. என்ன சொல்றது?"

அதற்குள் முதல் வரிசைத் தொப்பிக்காரர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். "ஏம்மா, உள்ள ஆள் இருக்கானா இல்லையா? ஒரு வார்த்தை பேச மாட்டானா? கதவைத் திற, நானே கேக்கறேன்!"

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் நடைபாதையில் திரண்டுவிட்டார்கள். இன்னும் ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். இருட்டில் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு விமானி அறைக் கதவில் வந்து விழுவார்கள்.

அக்கா ஒரு விரலை உயர்த்தினாள். இப்படிப்பட்ட நேரத்தில் கேப்டன் ஃபோனில் நான்கு விஷயம் சொல்வார். கேட்பவள் நான்கையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. அக்கா மூச்சு விடக்கூட நிறுத்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"என்ன ஆச்சு? கரண்ட் போச்சு, எஞ்சின் நல்லா ஓடுது. என்ன பண்ணப் போறீங்க? பக்கத்து ஊர்ல இறக்கப் போறீங்க. எவ்வளவு நேரம்? கால் மணி. நாங்க என்ன செய்யணும்? எல்லாரும் பெல்ட் போட்டு உக்காரணும். சரி சார்... ஒருத்தர் மட்டும் தொப்பியோட நிக்கிறார் சார். ஓ, அப்படியா?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள். "ஐயா, நீங்க உக்காந்தாத்தான் இறக்குவாராம்."

இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தொப்பிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உக்காந்துட்டேன்னு சொல்லும்மா" என்று முனகிக்கொண்டே அமர்ந்தார். நடைபாதை காலியானது.

குட்டி வரிசை வரிசையாகப் போய், "கேப்டனே சொல்லிட்டார், கால் மணிதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரலுக்கே கொஞ்சம் உயிர் வந்தது. அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

கால் மணி போனது. தரை வரவில்லை. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு சட்டென்று கீழே விழுந்து எதன் மேலோ நின்றதுபோல் நின்றது. ஒரு குழந்தை வீறிட்டது.

"என்னம்மா ஆச்சு உங்க கால் மணி?" என்றார் தொப்பிக்காரர். இம்முறை அவர் குரலில் கோபம் இல்லை.

அக்கா மீண்டும் ரிசீவரை எடுத்தாள். வெகுநேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

"அக்கா, எனக்கும் ஒரு தடவ குடுங்க" என்று குட்டி கெஞ்சினாள். "அவர் குரலைக் கேட்டாலே போதும்."

அக்கா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அவர் வேலையைப் பாக்கட்டும்டி." பிறகு உரக்க, "மேகத்தைச் சுத்திப் போறாராம். குலுங்கும், பயப்பட வேண்டாம்னு சொல்றார்."

எஞ்சினின் ஓசையை மட்டும் எல்லோரும் காதால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குட்டி தன் கையை அக்காவின் கைக்குள் திணித்தாள்; அக்காவின் கை பனிக்கட்டியாக இருந்தது.

சக்கரங்கள் ஈரத் தரையை அறைந்தபோது கைதட்டக்கூட ஒருவருக்கும் தெம்பில்லை. விமானம் ஓடி, தளர்ந்து, நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகையும் சிரிப்பும் கிளம்பின.

விமானி அறைக் கதவு திறந்தது. கேப்டனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொப்பிக்காரர் பாய்ந்து போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அப்பப்ப சேதி சொல்லிக்கிட்டே இருந்தீங்க பாருங்க சார், அதுலதான் எங்க உயிரே தங்குச்சு!"

கேப்டன் அவரைப் புரியாமல் பார்த்தார். அப்புறம் மெல்ல அக்காவிடம் வந்தார். அவள் இன்னும் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றார். "கரண்ட் போனப்பவே நம்ம ஃபோனும் செத்துப்போச்சு."